திரையைப் பார்க்காமல் ஜிமெயில்: ஒரு ஸ்கிரீன் ரீடர்காரனின் ரிவ்யூ

ஸ்கிரீன் ரீடரோடு ஜிமெயிலை ஓட்ட முடியுமா என்று கேட்டால், முடியும், நன்றாகவே முடியும். ஆனால் கணக்குத் திறந்த அன்று கையில் கிடைக்கிற ஜிமெயிலைச் சொல்லவில்லை. செட்டிங்ஸுக்குள் புகுந்து ஏழெட்டு இடங்களில் கை வைத்த பிறகு கிடைக்கிற ஜிமெயிலைச் சொல்கிறேன். எங்கே கை வைக்க வேண்டும் என்பது தெரியாததால், "மெயிலெல்லாம் நமக்குச் சரிப்படாது, யாராவது படித்துக் காட்டினால்தான் உண்டு" என்று ஒதுங்கிவிடுகிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன், அவர்களுக்கு மெயில் அனுப்புகிற பார்வையுள்ளவர்களும் படித்தால் நல்லது.

என்னைப் பற்றி ஒரு வரி: முழுப் பார்வையற்றவன், விண்டோஸ் லேப்டாப்பில் என்விடிஏ, ஆண்ட்ராய்டு போனில் டாக்பேக் என்ற ஸ்கிரீன் ரீடர், வேலை முழுக்க மெயிலில்தான் நடக்கிறது. புதிதாகக் கணினி படிக்க வரும் பார்வையற்ற பிள்ளைகளுக்குச் சொல்லியும் தருகிறேன். என்விடிஏ தெரியாதவர்களுக்கு: திரையில் இருப்பதைக் குரலில் படித்துச் சொல்லும் மென்பொருள், அதாவது ஸ்கிரீன் ரீடர், ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற இளைஞர் 2006இல் தொடங்கியது, முழுக்க இலவசம். இதற்கு முன்னால் இருந்து வரும் ஜாஸைக் காசு கொடுத்து வாங்க வேண்டும், அதனால் நம் ஊரில் பெரும்பாலும் என்விடிஏதான். பார்வையுள்ளவர்கள் மவுஸை நகர்த்தும் இடத்தில் எங்களுக்கு விசைப்பலகை மட்டும்தான் என்பதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

முதலில் கணினியில், பிரவுசரில் திறக்கிற ஜிமெயில். இது சாதாரண வலைப்பக்கம் போல நடந்துகொள்ளாது, ஒரு செயலி மாதிரி நடந்துகொள்ளும். இங்கேதான் புதியவர்களுக்கு முதல் குழப்பம். என்விடிஏவுக்கு இரண்டு நிலைகள் உண்டு. பிரவுஸ் மோடில் இருந்தால் விசைகள் எல்லாம் என்விடிஏவுக்குச் சொந்தம்: ஹெச் அடித்தால் அடுத்த தலைப்பு, கே அடித்தால் அடுத்த இணைப்பு, பி (B) அடித்தால் அடுத்த பொத்தான், ஈ அடித்தால் எழுதும் பெட்டி. ஃபோகஸ் மோடுக்கு மாறினால் அதே விசைகள் நேராக ஜிமெயிலுக்குப் போகும். அங்கே கே அடித்தால் மேலே இருக்கும் மெயில், ஜே அடித்தால் கீழே இருக்கும் மெயில், சி அடித்தால் புது மெயில் எழுதும் பெட்டி, ஈ அடித்தால் மெயில் ஆர்க்கைவுக்குப் போய்விடும். கவனித்தீர்களா? ஒரே ஈ விசைதான், ஒரு நிலையில் எழுதும் பெட்டியைத் தேடும், இன்னொரு நிலையில் இன்பாக்ஸில் இருந்த மெயிலைத் தூக்கிப் பரணில் போட்டுவிடும். எந்த நிலையில் இருக்கிறோம் என்பதை என்விடிஏ ஒரு சின்னச் சத்தத்தில்தான் சொல்லும். அந்தச் சத்தத்துக்குக் காது பழகும் வரைக்கும் மெயில்கள் காணாமல் போவதும், "நான் டெலீட் பண்ணவே இல்லையே சார்" என்று பிள்ளைகள் சத்தியம் செய்வதும் வழக்கம். அவர்கள் சொல்வது உண்மைதான், டெலீட் செய்யவில்லை, ஆர்க்கைவ் செய்திருக்கிறார்கள். உடனே இசட் அடித்தால் திரும்பி வந்துவிடும். நான் சொல்லித் தரும் முதல் ஷார்ட்கட் இதுதான், ஜே, கே எல்லாம் அதற்கு அப்புறம்.

நிலை மாற்ற என்விடிஏ விசையோடு (வழக்கமாக இன்சர்ட்) ஸ்பேஸ் பார். இன்பாக்ஸில் ஃபோகஸ் மோட், மெயிலைத் திறந்து நிதானமாகப் படிக்க பிரவுஸ் மோட் என்று வைத்துக்கொண்டால் பாதிச் சண்டை தீர்ந்தது.

ஆனால் நான் மேலே சொன்ன ஜே, கே, சி, ஈ எதுவுமே புதுக் கணக்கில் வேலை செய்யாது. கீபோர்ட் ஷார்ட்கட் என்கிற வசதி தொடக்கத்தில் ஆஃபில் இருக்கும். செட்டிங்ஸில் ஜெனரல் பகுதியில் கீழே கீழே போய், அதை ஆன் செய்து, பக்கத்தின் அடி வரைக்கும் போய் சேவ் சேஞ்சஸ் பொத்தானையும் அழுத்த வேண்டும். அந்தப் பொத்தானை அழுத்தாமல் வெளியே வந்தால் செய்ததெல்லாம் வீண். போகிற போக்கில் அதே பக்கத்தில் மற்றதையும் மாற்றிவிடுங்கள். ஸ்னிப்பெட்ஸ் என்று ஒன்று, மெயிலின் முதல் வரியைப் பட்டியலிலேயே காட்டுவது. கண்ணால் பார்ப்பவருக்கு அது வசதி, காதால் கேட்பவருக்கு ஒவ்வொரு மெயிலிலும் அனுப்பியவர், தலைப்பு சொன்ன கையோடு "அன்புள்ள வாடிக்கையாளரே, இந்த மெயில் சரியாகத் தெரியவில்லையென்றால்" என்று இழுத்துக்கொண்டே போகும். அதை நிறுத்தினால் இன்பாக்ஸில் போகும் வேகமே வேறு. கான்வர்சேஷன் வியூ, அதாவது ஒரே விஷயத்தில் வந்த மெயில்களை ஒரு மூட்டையாகக் கட்டி வைப்பது, அதையும் ஆரம்பத்தில் ஆஃப் செய்யச் சொல்வேன். மூட்டைக்குள் பழைய மெயில்கள் சுருண்டு கிடக்கும், எது விரிந்திருக்கிறது எது சுருண்டிருக்கிறது என்று தடவிக் கண்டுபிடிப்பது புதியவருக்குப் பெரிய வேலை. பழகியவர் என்றால் அப்படியே விட்டுவிட்டு, மூட்டைக்குள் என் (N), பி (P) விசைகளில் நகரலாம், அலுவலக விவாதங்களுக்கு அதுதான் சௌகரியம். ஹோவர் ஆக்‌ஷன்ஸ் மவுஸ் வைத்திருப்பவருக்கானது, நமக்கு வேண்டாம். மெயில்களை பிரைமரி, புரமோஷன்ஸ், சோஷியல் என்று பிரிக்கும் டேப்கள் 2013இல் வந்தவை, அவற்றை நான் வைத்துக்கொள்கிறேன். விளம்பரக் குப்பையைக் காது கேட்காமலே ஒதுக்கிவிடுகிறதே.

அன்டூ சென்ட், அதாவது அனுப்பிய மெயிலைத் திரும்பப் பிடிக்கக் கிடைக்கும் நேரம், அதையும் மறக்காதீர்கள். சும்மா விட்டால் 5 நொடிதான். 30 வரைக்கும் நீட்டலாம். அனுப்பிவிட்டோம் என்று ஸ்கிரீன் ரீடர் சொல்லி முடிப்பதற்குள்ளேயே 5 நொடி ஓடிவிடும், அப்புறம் எங்கே அன்டூ பொத்தானைத் தேடுவது. கை நடுக்கம் உள்ளவர்களுக்கும், ஒரே விசையை இரண்டு தடவை அழுத்திவிடுகிறவர்களுக்கும் இது பெரிய தைரியம்.

தேடல்தான் ஜிமெயிலில் எனக்கு மிகவும் பிடித்தது, அணுகல்தன்மை என்று பேசும்போது யாரும் இதைச் சொல்வதில்லை என்பது ஆச்சரியம். ஒரு சாய்கோடு அடித்தால் தேடல் பெட்டி. அதில் ஃப்ரம் என்று அடித்து, முக்காற்புள்ளி வைத்து, ஒருவர் பெயரை எழுதினால் அவர் அனுப்பியது மட்டும் வரும். ஹேஸ், முக்காற்புள்ளி, அட்டாச்மென்ட் என்றால் இணைப்பு உள்ளவை மட்டும். இஸ், முக்காற்புள்ளி, அன்ரெட் என்றால் படிக்காதவை. இவற்றைச் சேர்த்தும் எழுதலாம். வண்ண வண்ண லேபிள், நட்சத்திரம், அம்புக்குறி என்று கண்ணுக்குக் காட்டும் சமாச்சாரங்கள் எல்லாம் எங்களுக்குச் சுற்றுவழி. எழுத்தில் கேட்டால் எழுத்தில் பதில் வருவது நேர்வழி. இதில் பார்வையுள்ள சக ஊழியரைவிட நான் வேகம், அவர் உருட்டிக்கொண்டிருக்கும்போது நான் மெயிலைத் திறந்து படித்துக்கொண்டிருப்பேன்.

எழுதும் பெட்டியும் சுத்தம்தான். பெறுநர் பெயரைத் தட்டத் தட்ட யார் யார் பொருந்துகிறார்கள் என்பது குரலில் வரும், டேப் அடித்தால் தலைப்பு, இன்னொரு டேப் அடித்தால் உள்ளடக்கம், கன்ட்ரோல் என்டர் அடித்தால் போய்விடும். ஒரே ஒரு எச்சரிக்கை: ஸ்மார்ட் கம்போஸ் என்று அடுத்து நாம் என்ன எழுதப் போகிறோம் என்பதை மங்கலான எழுத்தில் காட்டும் வசதி 2018இல் வந்தது. அதை ஏற்றுக்கொள்ளும் விசை டேப். எழுதி முடித்துப் பொத்தானுக்குப் போக நாம் பயன்படுத்தும் விசையும் டேப். ஆங்கிலத்தில் எழுதும்போது நாம் எழுதாத ஒரு சொல் கடைசியில் ஒட்டிக்கொள்ள வாய்ப்பு உண்டு என்பதால், பார்க்காமல் எழுதுகிறவர்கள் அதை அணைத்து வைப்பது நல்லது. விரல் அசைவு கஷ்டமாக உள்ளவர்களுக்கோ இதே வசதி வரம், ஒரு விசையில் நாலு சொல் கிடைக்கிறது. தமிழில் எழுதுகிறவர்களுக்கு இன்னொன்று: தமிழ்99 போன்ற தமிழ் விசைப்பலகை ஆனில் இருக்கும்போது ஒற்றை எழுத்து ஷார்ட்கட்கள் கைகொடுக்காது, எழுதி முடித்ததும் ஆங்கிலத்துக்கு மாறிக்கொள்ள வேண்டும். அதை மறந்துவிட்டு ஜிமெயில் உறைந்துவிட்டது என்று நினைத்துக் கணினியையே மறுதொடக்கம் செய்கிறவர்கள் உண்டு.

சரி, இவ்வளவு நல்லது இருக்கிறதே, பிறகு ஏன் எங்கள் ஆட்கள் பலர் ஜிமெயில் மேல் கோபமாக இருந்தார்கள்? பேசிக் ஹெச்டிஎம்எல் வியூ. பழைய ஆட்களுக்குத் தெரியும். வெறும் இணைப்புகள், செக்பாக்ஸ்கள், பொத்தான்கள், பக்கம் பக்கமாகத் திறக்கும், அலங்காரம் கிடையாது. நிலை மாற்றம், ஃபோகஸ் மோட் என்று எதுவும் கற்கத் தேவையில்லை, இணையத்தில் ஒரு செய்தித்தளம் படிக்கத் தெரிந்தவருக்கு மெயிலும் படிக்கத் தெரியும். மெதுவான நெட்டிலும் பழைய கணினியிலும்கூட ஓடியது. கூகுள் அதை நிறுத்தப் போவதாக 2023 செப்டம்பரில் செய்தி வந்தது, 2024 தொடக்கத்தில் மூடிவிட்டார்கள். முழு ஜிமெயிலும் ஸ்கிரீன் ரீடரில் வேலை செய்கிறதே, பிறகு இரண்டு எதற்கு என்பது கணக்குப் பார்ப்பவர்களின் நியாயம். வேலை செய்கிறது என்பது உண்மை. ஆனால் வேலை செய்வது வேறு, சுலபமாக இருப்பது வேறு. அறுபது வயதில் பார்வை போனவர், முதல் தடவையாக விசைப்பலகையைத் தொடுபவர், இவர்களுக்குப் பழைய எளிய பக்கம்தான் வாசல். அதை மூடியதற்குப் பதிலாக வேறொரு எளிய வாசல் வரவில்லை. இந்த ஒரு விஷயத்துக்காகவே வலைப்பக்க ஜிமெயிலுக்கு நான் 5க்கு 3.5க்கு மேல் தர மாட்டேன்.

இத்தனைக்கும் கூகுளுக்குள் இதைப் பற்றித் தெரிந்தவர்கள் இல்லாமல் இல்லை. டி.வி.ராமன் 2005லிருந்து அங்கே. பதினான்கு வயதில் பார்வை இழந்தவர், புனேயில் வளர்ந்து, மும்பை ஐஐடியில் படித்து, கணிதக் கட்டுரைகளைக் குரலில் படித்துக் காட்டும் ஆய்வுக்காக கார்னெலில் டாக்டர் பட்டம் வாங்கியவர். ஈமேக்ஸ்பீக் என்ற குரல் வழி மேசைத்தளமே அவர் எழுதியது. வலைச் செயலிகள் ஸ்கிரீன் ரீடரோடு பேச வழி செய்யும் ஏரியா என்ற விதிமுறைகள் அதிகாரபூர்வமாக 2014இல் வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே அவரும் அவரோடு இருந்தவர்களும் கூகுளின் பக்கங்களில் அதைச் செய்து பார்த்தவர்கள். இன்றைக்கு ஜிமெயில் பட்டியலில் ஒரு வரியில் நிற்கும்போது "படிக்கப்படாதது, இன்னார், இன்ன தலைப்பு" என்று ஒழுங்காகக் காதில் விழுவது இந்த மாதிரி வேலைகளால்தான்.

போன் செயலிக்கு வருவோம். இது கணினியைவிட எளிது. டாக்பேக்கில் வலப்பக்கம் விரலை இழுக்க இழுக்க ஒவ்வொரு மெயிலாக வரும், ஒரு மெயில் ஒரே துண்டாகப் படிக்கப்படும், இரண்டு தட்டு தட்டினால் திறக்கும். ஆர்க்கைவ் போன்ற வேலைகளை டாக்பேக்கின் ஆக்‌ஷன்ஸ் பட்டியலிலிருந்தே செய்துகொள்ளலாம். ஐபோனின் ஸ்கிரீன் ரீடரான வாய்ஸ்ஓவரில், ரோட்டர் என்ற தேர்வுப் பட்டியலிலும் இதே கதை. எந்த நிலையில் இருக்கிறோம் என்ற தலைவலி போனில் கிடையவே கிடையாது. தமிழ்க் குரலும் போனில் கேட்க இதமாக இருக்கும். கணினியில் என்விடிஏவோடு வரும் ஈஸ்பீக் தமிழ் இரும்புத்தனமாக ஒலிக்கும், விண்டோஸிலேயே வள்ளுவர் என்ற பெயரில் ஒரு தமிழ்க் குரல் இருக்கிறது, அதை நிறுவி என்விடிஏவில் தேர்ந்தெடுத்துக்கொண்டால் தேவலை. போனுக்கு என் மதிப்பெண் 4. முழு மதிப்பெண் தராததற்குக் காரணம், நீளமான பதில் எழுதவும் பத்து மெயிலை ஒரேயடியாக ஒழுங்குபடுத்தவும் போன் தோதுப்படாது, அது ஜிமெயிலின் குற்றம் மட்டுமல்ல.

குறைப்பார்வை உள்ளவர்களுக்கு எப்படி என்று அடிக்கடி கேட்கிறார்கள். நான் சொல்வது கேட்டறிந்தது என்பதால் சுருக்கமாக. தீம்களில் ஹை கான்ட்ராஸ்ட் ஒன்று உண்டு, டார்க்கும் உண்டு, கண் கூச்சம் உள்ளவர்கள் டார்க்கை விரும்புகிறார்கள். பொத்தான்களில் படத்துக்குப் பதில் எழுத்து காட்டும்படி பட்டன் லேபிள்ஸில் மாற்றலாம், குப்பைத்தொட்டிப் படமா ஆர்க்கைவ் பெட்டிப் படமா என்று மூக்கைத் திரையில் ஒட்டிப் பார்க்க வேண்டியதில்லை. படிக்கவோ புரிந்துகொள்ளவோ சிரமம் உள்ளவர்களுக்கும் இது நல்ல மாற்றம். பெரிதாக்கிப் பார்ப்பதில்தான் சிக்கல், அது ஜிமெயிலின் ஓரங்களில் இல்லை, மெயிலின் வயிற்றுக்குள் இருக்கிறது. விளம்பர மெயில்கள் பெரும்பாலும் 600 பிக்சல் அகலத்தில் அட்டவணை போட்டுக் கட்டப்படுகிறவை. வலைத்தளங்களை எல்லோரும் அணுகும்படி அமைக்கச் சொல்லும் வலை அணுகல் வழிகாட்டியின் (WCAG) 2018ஆம் ஆண்டுப் பதிப்பு 320 பிக்சல் அகலத்திலும் பக்கவாட்டில் உருட்டாமல் படிக்க முடிய வேண்டும் என்கிறது. நூறு சதவீதத்தை நானூறாக்கினால் ஒவ்வொரு வரிக்கும் இடம் வலம் என்று ஆடிக்கொண்டிருக்க வேண்டும். ஆண்ட்ராய்டு செயலியில் மெயிலைத் திரைக்குள் அடக்கும் ஆட்டோஃபிட் வசதி இருக்கிறது, அடங்கினாலும் எழுத்து சிறுத்துவிட்டால் என்ன பயன் என்று கேட்கும் நண்பர் சொல்வதும் சரிதான்.

கை அசைவு இல்லாதவர்கள் குரலில் கட்டளை கொடுப்பார்கள். ஆண்ட்ராய்டில் வாய்ஸ் ஆக்சஸ் செயலி திரையில் இருப்பதற்கெல்லாம் எண் போட்டுக் காட்டும், எண்ணைச் சொன்னால் அதைத் தட்டியது போல. விண்டோஸ் 11இலும் அதே பெயரில் ஒன்று இருக்கிறது. இவர்களோடு பேசியபோதுதான், ஷார்ட்கட்கள் ஏன் ஆஃபில் இருக்கின்றன என்ற என் எரிச்சலுக்கு ஒரு மறுபக்கம் கிடைத்தது. குரலில் ஒரு சொல்லைச் சொல்லும்போது அது எழுதும் பெட்டிக்குப் போகாமல் தவறிப் பட்டியலில் விழுந்தால், அந்தச் சொல்லின் ஒவ்வொரு எழுத்தும் ஒரு ஷார்ட்கட்டாக மாறி இன்பாக்ஸைத் துவம்சம் செய்துவிடும். ஒற்றை எழுத்து ஷார்ட்கட்களை அணைக்கவோ மாற்றவோ வழி இருக்க வேண்டும் என்று அதே 2018 வழிகாட்டியில் தனி விதியே இருக்கிறது. ஜிமெயிலில் அணைக்கவும் முடியும், அட்வான்ஸ்ட் பகுதியில் கஸ்டம் ஷார்ட்கட்டை ஆன் செய்தால் விசைகளை மாற்றவும் முடியும். ஆக எனக்கு ஆனில் வேண்டும், அவருக்கு ஆஃபில் வேண்டும். எது தொடக்க நிலை என்பதில் ஒருவர் தோற்றே ஆக வேண்டும் என்று ஏன் வைக்க வேண்டும்? கணக்குத் திறக்கும்போதே "ஸ்கிரீன் ரீடர் பயன்படுத்துகிறீர்களா, குரல் கட்டளையா, பெரிய எழுத்தா" என்று ஒரு கேள்வி கேட்டு, பதிலுக்குத் தகுந்தபடி இந்த ஏழெட்டு செட்டிங்ஸையும் மாற்றிக் கொடுத்தால் முடிந்தது. புதுப் போன் வாங்கிப் பெட்டியைப் பிரித்ததுமே டாக்பேக்கை எழுப்பிவிட முடிகிறது, மெயிலில் மட்டும் ஏன் நாமே தோண்ட வேண்டும்.

காது கேளாதவர்களுக்கு மெயில் என்பதே நல்ல ஊடகம், அவர்கள் சிக்கல் "தொலைபேசியில் மட்டும் தொடர்புகொள்ளவும்" என்று மெயில் அனுப்புகிற நிறுவனங்களோடுதான்.

உள்ளே நுழைவது பற்றிச் சொல்லாவிட்டால் ரிவ்யூ முழுமையாகாது. மெயில் சேவை எவ்வளவு நன்றாக இருந்தாலும் வாசலிலேயே "போக்குவரத்து விளக்கு உள்ள படங்களைத் தேர்ந்தெடுக்கவும்" என்று நின்றால் என்ன செய்வது. கேட்டுச் சொல்லும் மாற்று இருக்கும் இடங்களிலும் இரைச்சலுக்குள் முனகும் சொற்களை, ஸ்கிரீன் ரீடர் அதே நேரத்தில் பேசிக்கொண்டிருக்கும்போது பிரித்தெடுப்பது தனித் திறமை. பார்வையும் செவியும் இரண்டும் குறைந்தவருக்கு அந்த மாற்றும் மூடிய கதவு. 2023 அக்டோபரில் வந்த வழிகாட்டிப் பதிப்பு இதைத் தொட்டுவிட்டது: புதிர் விடுவிப்பதையோ நினைவில் வைத்து அடிப்பதையோ மட்டுமே நுழைவு வழியாக வைக்கக்கூடாது, கடவுச்சொல் பெட்டியில் பேஸ்ட் செய்யவும் தடுக்கக்கூடாது. கூகுள் கணக்குகளுக்கு 2023 மே மாதத்தில் பாஸ்கீ வந்தது, விரல் ரேகையையோ போனின் பூட்டையோ வைத்து நுழைந்துவிடலாம். என்னைக் கேட்டால், எங்களுக்கு அண்மைக் காலத்தில் நடந்த நல்ல காரியங்களில் இது ஒன்று. இன்னும் போடாதவர்கள் இன்றைக்கே போட்டுக்கொள்ளுங்கள். நான் வேலை பார்த்த ஒரு இடத்தின் சொந்த மெயில் சேவையில் படப் புதிர் மட்டும்தான், கேட்கும் மாற்று கிடையாது. பாதுகாப்பு விதி என்றார்கள். காலையில் யாராவது வந்து அந்த ஐந்து எழுத்தை எனக்குப் படித்துச் சொல்லும் வரைக்கும் என் வேலை தொடங்காது. என் கடவுச்சொல்லை யாரிடமும் சொல்லக்கூடாது என்ற அதே இடத்தில்தான் இந்த ஏற்பாடு.

இதுவரை பாத்திரத்தைப் பற்றிப் பேசினேன், இனி அதற்குள் விழுவதைப் பற்றி. உண்மையைச் சொன்னால் என் ஒரு நாளின் எரிச்சலில் பெரும்பங்கு இங்கேதான், இதற்கு ஜிமெயில் பொறுப்பே இல்லை. கல்யாணப் பத்திரிகை முதல் பயிற்சி வகுப்பு அறிவிப்பு வரை ஒரே படமாக வரும். தலைப்பில் "அவசரம், உடனே படிக்கவும்", உள்ளே போனால் என்விடிஏ "கிராஃபிக்" என்று ஒரு சொல் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளும். ஜிமெயிலில் எழுதும்போது படத்தைச் செருகி, அதன் மேல் அழுத்தினால் மாற்று உரை எழுதும் இடம் வரும், அங்கே தேதி, இடம், நேரம் மூன்றையும் எழுதினால்கூடப் போதும், அழகாக வர்ணிக்கத் தேவையில்லை. அப்புறம் இந்த "இங்கே கிளிக் செய்க". ஒரு மெயிலில் ஆறு இணைப்பு, ஆறும் "இங்கே கிளிக் செய்க". நாங்கள் பல சமயம் இணைப்புகளை மட்டும் பட்டியல் எடுத்துப் படிப்போம், பட்டியலில் ஆறு தடவை அதே வாசகம் வந்தால் எது விண்ணப்பப் படிவம், எது சந்தாவை ரத்து செய்வது?

ஒரு வங்கி எனக்கு மாதாமாதம் கணக்கு அறிக்கை அனுப்புகிறது, கடவுச்சொல் போட்ட பிடிஎஃப். திறந்தால் உள்ளே அட்டவணை இருக்கிறது, ஆனால் வரிசையும் நிரலும் குறிக்கப்படாத அட்டவணை. தேதிகள் எல்லாம் முதலில், தொகைகள் எல்லாம் அப்புறம் என்று நெல்லிக்காய் மூட்டையை அவிழ்த்த மாதிரி சிதறும். எந்தத் தேதியில் எவ்வளவு போனது என்று கண்டுபிடிக்க எக்ஸெலில் அனுப்புங்கள் என்று எழுதினேன், "தங்கள் கருத்துக்கு நன்றி" என்று பதில் வந்தது. அலுவலகச் சுற்றறிக்கைகள் இன்னொரு ரகம். அச்சடித்து, கையெழுத்துப் போட்டு, ஸ்கேன் செய்து, அதைப் பிடிஎஃப் ஆக்கி அனுப்புவார்கள், எங்களுக்கு அது வெறும் படம். இதற்கு ஒரு வழி உண்டு: இணைப்பை கூகுள் டிரைவில் போட்டு, கூகுள் டாக்ஸில் திறந்தால் எழுத்துகளைப் பிரித்துக் கொடுக்கும், தமிழையும் ஓரளவு நன்றாகவே பிரிக்கும். முத்திரை விழுந்த இடமும் கோணலான பக்கமும் சொதப்பும்.

தமிழுக்கே உரிய தொல்லை ஒன்று, பழைய எழுத்துருக்கள். பாமினியில் அடித்த ஆவணத்தைத் திறந்தால் கண்ணுக்குத் தமிழ், கணினிக்கு ஆங்கிலம். தமிழ் என்று இருக்கும் இடத்தை ஸ்கிரீன் ரீடர் "ஜே கே பி ஓ செமிகோலன்" என்று படிக்கும். கோவையில் செம்மொழி மாநாடு நடந்த 2010ஆம் ஆண்டிலேயே யூனிகோடு என்ற பொது எழுத்துக் குறியீட்டுக்கு மாறச் சொல்லித் தமிழக அரசு ஆணை போட்டுவிட்டது, ஆனாலும் இன்னும் வானவில், பாமினி கோப்புகள் மெயிலில் வந்துகொண்டேதான் இருக்கின்றன. மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் இலவசமாக உண்டு, எந்த எழுத்துரு என்று தெரிந்தால் மாற்றிவிடலாம். அதைத் தெரிந்துகொள்ளத்தான் கண் தேவைப்படுகிறது!

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பீர்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, அதன் 42ஆம் பிரிவு மின்னணு உள்ளடக்கம் அணுகத்தக்க வடிவில் கிடைப்பதை அரசு உறுதி செய்ய வேண்டும் என்கிறது, 46ஆம் பிரிவு சேவை தருபவர்களுக்குக் கெடு வைக்கிறது, அரசு என்றாலும் தனியார் என்றாலும். 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு படி மேலே போய், டிஜிட்டல் சேவைகளை அணுகுவது அரசமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்றே சொல்லிவிட்டது. கண் சிமிட்டச் சொல்லும் வங்கிச் சரிபார்ப்பில் சிமிட்ட முடியாமல் நின்ற ஆசிட் வீச்சில் பாதிக்கப்பட்ட பெண்ணும், பார்வையற்ற ஒருவரும் தொடுத்த வழக்குகள் அவை. வங்கிக்கோ அலுவலகத்துக்கோ புகார் எழுதும்போது "உதவி செய்யுங்கள்" என்று கெஞ்சாமல் இந்தத் தேதியையும் பிரிவுகளையும் குறிப்பிட்டு எழுதுங்கள், பதிலின் தொனி மாறும்.

ஜிமெயிலில் ஏதாவது மாட்டிக்கொண்டால் கூகுளின் மாற்றுத்திறனாளி உதவிப் பிரிவு இருக்கிறது, சாதாரண உதவிப் பக்கங்களில் சுற்றாமல் நேராக அங்கே போங்கள். மைக்ரோசாஃப்டுக்கும் இப்படி ஒன்று உண்டு, பி மை ஐஸ் செயலி வழியாகவும் பிடிக்கலாம்.

வலைப்பக்கமே வேண்டாம் என்கிறவர்களுக்கு தண்டர்பேர்ட் என்ற, கணினியில் நிறுவிக்கொள்ளும் மெயில் மென்பொருள். ஜிமெயில் முகவரி அப்படியே இருக்கும், படிக்கும் இடம் மட்டும் மாறும். மோஸில்லாவிடமிருந்து 2004இல் முதல் பதிப்பு வந்தது, இலவசம். எஃப்6 அடித்தால் கோப்புறைகள், மெயில் பட்டியல், மெயில் என்று பகுதிக்குப் பகுதி நகரலாம், அம்புக்குறியில் மேலும் கீழும், என்டர் அடித்தால் திறக்கும், கன்ட்ரோல் ஆர் அடித்தால் பதில். பேசிக் ஹெச்டிஎம்எல் போனதும் அங்கே குடியேறியவர்கள் உண்டு. 2023இல் தோற்றத்தை மொத்தமாக மாற்றினார்கள், அதில் கார்ட்ஸ் வியூவைவிடப் பழைய டேபிள் வியூதான் ஸ்கிரீன் ரீடருக்கு ஒத்துவருகிறது. முதல் தடவை கணக்கைச் சேர்க்கும்போது கூகுள் நுழைவுப் பக்கம் ஒன்று தனிச் சாளரத்தில் திறக்கும், அதைத் தாண்டுவது மட்டும் கொஞ்சம் பொறுமை கேட்கும், பக்கத்தில் பழகியவர் ஒருவர் இருந்தால் நல்லது.

புதிதாகத் தொடங்குபவரிடம் நான் சொல்லும் வரிசை இது: முதலில் போன் செயலி, தட்டச்சு கைவந்ததும் தண்டர்பேர்ட், தேடல் தேவைப்படும் அளவுக்கு மெயில் குவிந்த பிறகு வலைப்பக்க ஜிமெயில். அலுவலகத்தில் வலைப்பக்கம்தான் என்று கட்டாயம் இருந்தால் நேராக அங்கேயே போகலாம், போனதும் ஷார்ட்கட்டை ஆன் செய்யுங்கள், ஸ்னிப்பெட்ஸை நிறுத்துங்கள், அன்டூவை 30க்கு ஏற்றுங்கள், சேவ் சேஞ்சஸை அழுத்துங்கள். மற்றது பழகப் பழக வந்துவிடும்.